தாராக் கொழுப்பு எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தாரா (வாத்து) கொழுப்பு, கோழி நல்லம், காடை மருந்து என்று மட்டக்களப்பு, கல்முனைப் பக்கங்களில் பேசிக்கொள்வதற்கு, கைபேசிகளில் சுற்றும் ஊட்டச்சத்து அட்டவணைகளும் இப்போது சாட்சி சொல்கின்றன. எண்கள் பெரும்பாலும் சரியே. ஒப்பிடும் முறைதான் பிழை.

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்குப் பக்கத்தில் தோலோடு உள்ள தாராவை வைக்கிறார்கள். கொழுத்த பண்ணைத் தாராவின் பச்சை இறைச்சி தோலோடு 100 கிராம் எடுத்தால் கொழுப்பு சுமார் 39 கிராம், புரதம் 11 கிராம் சொச்சம். தோலையும் அதன் அடியில் ஒட்டிய கொழுப்பையும் உரித்தெடுத்தால் கொழுப்பு 6, புரதம் 18. தோல் நீக்கிய கோழித் தொடையிலும் கொழுப்பு 4 உண்டு. ஆகவே வெட்டும்போதே தோலை உரியுங்கள். கழுத்தடியிலும் வாற்பக்கத்திலும் அதிகம் தேங்கியிருக்கும். தோலோடு சமைத்தால் அது உருகிக் குழம்பில் இறங்கிவிடும். துண்டை மட்டும் தின்று குழம்பை விடுபவர் நம்மில் யார்?

அடுத்த பிழை, பச்சையையும் சமைத்ததையும் கலப்பது. கோழி நெஞ்சில் பச்சையாக 23 கிராம் அளவான புரதம், வாட்டியபின் 31 ஆகிறது. புரதம் கூடவில்லை, நீர் போய்விட்டது.

உண்மையான வித்தியாசம் இரும்புச்சத்தில். 100 கிராம் பச்சை இறைச்சியில் கோழி நெஞ்சுக்கு 0.4 மில்லிகிராம், தொடைக்கு 0.8, தோல் நீக்கிய தாராவுக்கு 2.4, காடைக்கு 4.5 அளவில். தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபினில் இரும்பு இருப்பதே காரணம். வான்கோழியும் கோழியைப் போலத்தான்: நெஞ்சு வெள்ளை, தொடை சிவப்பு. இரத்தச்சோகை உள்ளவருக்கு 'நல்ல துண்டு' என்று நெஞ்சை ஒதுக்கிக் கொடுப்பது தலைகீழ் உபசாரம். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால், கூடவே உண்ட கீரையின் இரும்பு உடலில் சேர்வதும் குறையும்.

ஊர்க்கோழிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை சுவைக்கானது, புரதத்துக்கானதல்ல. புறொயிலர் (பண்ணை இறைச்சிக்கோழி) ஆறு வாரமளவில் வெட்டப்படுகிறது. ஊர்க்கோழி பல மாதம் ஓடித்திரிந்ததால் தசையின் இணைப்பு நார்கள் முறுகிப்போய், வேக நேரமெடுக்கிறது.

இத்தகைய அட்டவணைகளை வெளியிடும்போது எந்தப் பகுதி, தோலோடா இல்லையா, பச்சையா சமைத்ததா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
கல்முனை