செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுச்சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

டைனோசர் என்றதும் நம் பிள்ளைகள் திரைப்படத்தில் கண்ட நான்கைந்து பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், பாக்கு நீரிணைக்கு அக்கரையில் கிடைத்தவற்றை ஒருவரும் அறியார் என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சென்ற பொதுக்கூட்டத்தில் வருந்திக் கூறினார். அதை ஏற்று, நம் சங்கத்தின் இவ்வாண்டு மாதாந்தக் கூட்டங்கள் அனைத்தையும் இந்திய மண்ணின் டைனோசர்களுக்கே ஒதுக்கினோம். மார்கழிக் கூட்டம் மட்டும் அடைமழையால் கைவிடப்பட்டது. ஏனையவை உவர்மலையில் உறுப்பினர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் நடைபெற்றன.

கோணேசர் மலையடியில் தோண்டினால் டைனோசர் எலும்பு கிடைக்குமா என்பதே மாணவர்கள் எழுப்பிய முதற் கேள்வி. நம் திருகோணமலையின் பாறைகள் டைனோசர்களுக்கு மிக முற்பட்டவை. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. கல்லாகிப்போன எலும்பு, இலை முதலிய உயிர்ச்சுவடுகள் பெரும்பாலும், மணலும் சேறும் படிந்து இறுகிய அடையற் பாறைகளிலேயே தங்கும். புத்தளம் மாவட்டத்தின் தப்போவையில், டைனோசர்கள் வாழ்ந்த யுராசிக் காலத்து அடையற் பாறைகள் உண்டு. அங்கே அக்காலச் செடிகளின் இலைப்பதிவுகள் கிடைத்துள்ளன. ஆயினும் இலங்கையில் டைனோசர் எலும்பு இதுவரை அறியப்படவில்லை. இதைக் கேட்டுப் பிள்ளைகளின் முகம் வாடியது உண்மை. இந்தியா, இலங்கை, மடகஸ்கார் யாவும் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாய் ஒட்டியிருந்த படத்தை விரித்துக் காட்டிய பின்னரே அவர்கள் தேறினார்கள்.

இரண்டு கூட்டங்களை முழுமையாக எடுத்துக்கொண்டது திராவிடோசோரஸ். தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதியில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆய்வாளர்கள் 1979 இல் இட்ட பெயர் இது. முதுகில் தகடுகள் நிமிர்ந்து நிற்கும் ஸ்டெகோசோரஸ் இனத்தைச் சேர்ந்தது என அவர்கள் கருதினர். அவ்வாறாயின், உலகின் பிற இடங்களில் அவ்வினம் பெரும்பாலும் மறைந்துவிட்ட பின்னரும் நம் தென்னகத்தில் அது வாழ்ந்திருக்கிறது என்று பொருள். ஆனால் 1996 இல் சட்டர்ஜி, ருத்ரா என்னும் வேறு ஆய்வாளர்கள் அவ்வெலும்புகள் கடல்வாழ் ஊர்வனவான பிளீசியோசோருக்கு உரியவையாகலாம் என்றனர். அதற்கும் மறுப்பு எழுந்தது. வழக்கு இன்னும் தீரவில்லை. நம் இனப்பெயர் தாங்கிய ஒரு விலங்கைச் சந்தேகத்தோடு சொல்வது சில உறுப்பினருக்கு வருத்தம் தந்தது. எனினும் நமக்கு உகந்த முடிவை மட்டும் எடுத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு நாம் இழைப்பது அநீதி என்பதே என் நிலைப்பாடு. ஆகவே சுவரொட்டியில் பெயருக்குப் பக்கத்தில் வினாக்குறி இட்டோம்.

அதே அரியலூரின் கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசோரஸ் பற்றிய கூட்டமே இவ்வாண்டில் மிகுந்த கவனத்தை ஈர்த்தது. தஞ்சைப் பிருகதீஸ்வரர் பெயரில் உள்ள அதே ‘பிருகத்’தான் இங்கும் நிற்கிறது, பேருடல் கொண்ட பல்லி என்று பெயரின் பொருளை விரிக்கலாம். 1980களின் இறுதியில் பெயரிட்டபோது ஊனுண்ணி எனக் கருதப்பட்ட இது, பிற்காலத்தில் நெடுங்கழுத்துத் தாவரவுண்ணியாக வகைமாற்றம் பெற்றது. இதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் ஏறக்குறைய 2 மீற்றர் நீளம் எனப் பதிவாகியுள்ளது. அவ்வளவு பெரிய எலும்புகள் இன்று இல்லை. ஏற்கெனவே வெடித்து நொறுங்கிய நிலையில் இருந்தவை, மழையும் வெயிலும் பட்டுப் பொடியாகிவிட்டன. வரைபடங்களும் சில புகைப்படங்களுமே மிஞ்சின. உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக இருக்கக்கூடியதன் சான்று, காகிதத்தில் மட்டும் உயிர் பிழைத்திருக்கிறது.

இதற்கு நேர்மாறானது டைட்டானோசோரஸ் இண்டிகஸ் என்ற டைனோசரின் கதை. 1828 இல் ஜபல்பூரில் கப்டன் வில்லியம் ஸ்லீமன் கண்டெடுத்த வாலெலும்புகளுக்கு 1877 இல் ரிச்சர்ட் லைடெக்கர் பெயரிட்டார். பின்னர் அவ்வெலும்புகள் எங்கே போயின என்றே தெரியாமல் நெடுங்காலம் இருந்து, 2012 இல் கொல்கத்தாவின் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனச் சேகரிப்பில் மீண்டும் அடையாளம் காணப்பட்டன.

பெயர்களின் அழகுக்காகப் பராபாசோரஸ் டாகோரியை ஒரு கூட்டத்தில் எடுத்தோம். வங்காள மொழியில் ‘பரா பா’ என்றால் பெரிய கால். பின்பாதியில் இரவீந்திரநாத் தாகூரின் பெயர் உள்ளது. கோதாவரிப் பள்ளத்தாக்கில் இதை அகழ்ந்த 1961, தாகூரின் பிறந்தநாள் நூற்றாண்டு நிறைவு ஆண்டு. ஏறத்தாழ 300 எலும்புகள் கிடைத்தும் மண்டையோடு கிடைக்கவில்லை. அதன் எலும்புக்கூடு கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுத்தப்பட்டுள்ளது. அந்நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே (ISI) ஐசிசோரஸ் என்ற இன்னொரு டைனோசரின் பெயராயின. குஜராத்தின் ரகியோலியில் கிடைத்து 2003 இல் பெயர்பெற்ற, நெற்றியில் தாழ்ந்த கொம்புடைய ராஜாசோரஸையும், ஜெய்சல்மேரில் கிடைத்து 2023 இல் அறிவிக்கப்பட்ட தாரோசோரஸையும் பாடசாலை மாணவர்களே விளக்கினார்கள். ராஜாசோரஸின் நெருங்கிய உறவினம் மடகஸ்காரின் மஜுங்காசோரஸ் என்று தரம் 8 மாணவி ஒருவர் கொண்டுவானாப் படத்தில் விரல் வைத்துக் காட்டியபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் கைதட்டினார்கள்.

ஒரு குறையையும் அவையில் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லில் பதிந்த சிப்பிச் சுவடுகள் சில நம் பெட்டியில் உள்ளன. இடம், நாள் எழுதிய துண்டுகள் மழையீரத்தில் மை கரைந்து போயின; எந்தக் கல் எவ்வூரது என இப்போது பிரித்தறிய இயலவில்லை. கல்லமேட்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிய நாமே நம் பெட்டியைப் பாராமல் விட்டோம். செயலாளர் என்ற வகையில் பொறுப்பு என்னுடையது. எனவே ஒவ்வொரு கல்லுக்கும் எண் எழுதி, புகைப்படம் எடுத்து, பதிவேட்டில் பென்சிலால் குறித்து, பிரதி ஒன்றை வேறொரு வீட்டில் வைப்பதெனச் செயற்குழு தீர்மானித்துள்ளது. இப்பணிக்கு இரு மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார். விறாந்தையையும் தேநீரையும் மனமுவந்து தந்த குடும்பத்தாருக்கு நன்றி கூறி, இவ்வறிக்கையை முன்மொழிந்து வழிமொழிந்து ஏற்றுக்கொள்ளுமாறு சபையோரை வேண்டுகிறேன்.

செயலாளர்,
திருகோணமலை.