எந்த வேர் என்று யாரும் கேட்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கொட்டை மரங்களில் ஒட்டுக் கட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குச்சி தேர்வு, கத்தி பிடிக்கும் விதம், நாடா சுற்றுவது எல்லாம் சரி. குச்சியை ஒட்டும் அடிச்செடியான வேர்ச்செடிக்கு மட்டும் ஒரே வரி: வலுவான நாற்றாக இருந்தால் போதுமாம். அங்கேதான் மனசு ஒப்பவில்லை.

பூச்சியும் நோயும் வந்தால் சமாளிக்க மரம் கைவசம் சில சரக்குகளை வைத்திருக்கிறது. பச்சை முந்திரிக்கொட்டையை உடைத்துக் கை வெந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வால்நட்டில் அந்தச் சரக்கின் பெயர் ஜுக்ளோன். உயிருள்ள திசுவில் அதன் முன்வடிவம் நிறமில்லாமல், சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். காயம் பட்டுக் காற்றும் பட்டால் ஜுக்ளோனாக மாறிக் கறுக்கும். பச்சைத் தோலை உரித்த விரலில் பல நாள் போகாத கறை அதுதான். ஒட்டுக் கட்ட வெட்டும்போதும் இதே கதை. வெட்டுவாய் கறுத்துப்போனால் ஒட்டுப் பிடிப்பது கஷ்டம்.

இதில் வேர்ச்செடிக்கு என்ன வேலை என்பவர்கள் கலிஃபோர்னியா வால்நட் தோப்புகளைப் பார்க்க வேண்டும். அங்கே பாரசீக வால்நட் குச்சியைக் கறுப்பு வால்நட் வேரிலோ, பாரடாக்ஸ் என்ற கலப்பின வேரிலோ ஒட்டுவது வழக்கம். செர்ரி லீஃப் ரோல் என்ற வைரஸ் மகரந்தத்தோடு, குச்சி வளர்ந்த மேல்மரத்துக்குள் நுழையும். மேல்மரம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. வைரஸ் மெல்ல இறங்கி ஒட்டைத் தொட்டதும் வேர்ச்செடி சும்மா இருக்காது. தன் செல்களைத் தானே சாகடித்து வழியை அடைக்கும். பட்டையைச் சீவினால் ஒட்டுச் சேர்ந்த இடத்தில் பேனாவால் இழுத்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அது தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால் இலையில் செய்த உணவு வேருக்கு இறங்காது, மரம் போய்விடும். பாரசீக வால்நட் வேரிலேயே ஒட்டியிருந்தால் இந்தக் கோடு விழாது. குச்சி ஒன்றுதான், வேர் மாறியதும் அதன் தலைவிதியும் மாறிவிட்டது.

பிஸ்தாவிலும் இப்படித்தான். மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் வெர்டிசிலியம் வாடல் நோய்க்கு அட்லாண்டிகா என்ற பிஸ்தா இனத்தின் வேர் எளிதில் பணியும், இன்டெஜெரிமா என்ற இனத்தின் வேர் தாங்கி நிற்கும்.

நோய் இல்லாத மரத்திலும் வேரின் கை மேலே எட்டும். தண்ணீர், தழைச்சத்து, ஹார்மோன் எல்லாம் அதன் வழியாகத்தானே ஏறுகின்றன? தழைச்சத்தை அள்ளி ஏற்றித் தளதளவென்று வளரவைத்தால், இலையில் பூச்சியை எதிர்க்க உதவும் பீனால் வகைச் சேர்மங்கள் பொதுவாகக் குறையும். கொழுத்த மரத்தைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம், பூச்சியும் சந்தோஷப்படும்.

அதற்காக எல்லாவற்றையும் வேரின் தலையில் கட்டவும் கூடாது. கசப்புப் பாதாம் வேரில் இனிப்புப் பாதாமை ஒட்டினால் பருப்பு கசந்துவிடும் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். கசக்காது. பருப்பின் கசப்பை முடிவு செய்வது காய்க்கும் மேல்மரத்தின் மரபணு.

ஒரு முறை நாற்றுப் பண்ணையில் கன்று வாங்கும்போது, “இது எந்த வேர்?” என்று கேட்டேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “மண்ணுக்குள்ள இருக்கிற வேர்தான் சார்” என்றார். அட்டையில் குச்சியின் ரகப் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால், எந்த மண்ணுக்கும் நோய்க்கும் எந்த வேர் என்பதற்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கித் தருவாரா?

இப்படிக்கு,
தோட்டம் வைத்திருக்கும் வாசகர்