ஜோக்கரின் சிரிப்பு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மாவும் நானும் இங்கு நலம். சென்ற ஞாயிறு தொலைபேசியில், பேட்மேன் கதைகளின் வில்லனான ஜோக்கர் என்றால் ஹீத் லெட்ஜர்தான், மற்றவர்கள் எல்லாம் வெறும் வேடம் போட்டவர்கள் என்று நீ ஒரே போடாகப் போட்டாய். உன் தம்பி வாக்கீன் ஃபீனிக்ஸுக்காக வரிந்து கட்டிக்கொண்டு வாதாடினான். நடுவில் எனக்குப் பேச இடம் கிடைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நடிகர்களைத் தராசில் வைப்பதற்கு முன்னால், அந்தப் பாத்திரம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். 1940இல் பேட்மேன் காமிக்ஸின் முதல் இதழில் ஜோக்கர் தோன்றினான். 1928ஆம் ஆண்டு ஊமைப் படம் ஒன்றில் கான்ராட் வைட் ஏற்றிருந்த, வாய் எப்போதும் இளித்தபடியும் கண்கள் தவித்தபடியும் இருக்கும் வேடத்திலிருந்துதான் அவனுடைய முகம் பிறந்தது. அந்த முதல் கதையிலேயே அவன் வானொலியில் குறுக்கிட்டு, இன்ன பணக்காரரை நள்ளிரவில் கொல்வேன் என்று அறிவிக்கிறான். சொன்ன நேரத்தில் அந்த மனிதர் முகத்தில் இளிப்பு உறைந்து சாகிறார். ஊர் அவனை முதலில் பார்க்கவில்லை, கேட்டது. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் உதவும். அவன் கோமாளி, நம்மைச் சிரிக்க வைக்க வேண்டும், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வயிற்றைக் கலக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவன் வேறு யாரோ ஆகிவிடுகிறான்.

1966இல் தொலைக்காட்சித் தொடரில் நடித்த சீசர் ரோமெரோ தம் மீசையை எடுக்க மறுத்துவிட்டார். அதன் மேலேயே வெள்ளை அரிதாரம் பூசினார்கள். நெருக்கக் காட்சிகளில் மீசை முடி நன்றாகவே தெரியும். குழந்தைகளுக்கான கும்மாளம் அது, பயமுறுத்தும் எண்ணமே இல்லாதது. இருந்தாலும் அந்த மனிதர் அனுபவித்துச் சிரித்தார், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1989இல் டிம் பர்ட்டனின் பேட்மேன் படத்தில் ஜாக் நிக்கல்சன் வந்தார். அருங்காட்சியகத்தில் பாட்டுப் போட்டு ஆடியபடி, விலைமதிப்பற்ற ஓவியங்களின் மேல் அடியாட்களை விட்டுச் சாயம் ஊற்றச் செய்கிறார்; பிரான்சிஸ் பேக்கனின் ஓவியம் ஒன்றைக் கிழிக்கப் போகும் கையை மட்டும் தடுத்து, இது பிடித்திருக்கிறது, விட்டுவிடு என்கிறார். ஜோக்கருக்கும் ஒரு ரசனை உண்டு என்பதை அந்த ஒரு நொடி காட்டிவிடுகிறது. ஆனால் படம் முழுவதும் திரையில் நிற்பவர் நிக்கல்சன் என்பதை நான் ஒருபோதும் மறக்கவில்லை. நட்சத்திரம் வேடத்துக்குள் நுழையவில்லை, வேடம்தான் நட்சத்திரத்துக்கு ஒத்துப்போனது.

இனி உன் ஆள். 2008 ஜனவரியில், 'தி டார்க் நைட்' படம் வெளியாவதற்கு முன்பே, 28 வயதில் லெட்ஜர் இறந்துவிட்டார். ஆஸ்கார் அடுத்த ஆண்டு அவர் குடும்பத்தார் கையில் வந்து சேர்ந்தது. அந்தத் துயரம் நம் மதிப்பீட்டுக்குள் கசிந்திருக்கிறது என்றாலும், நடிப்பு அதைத் தாண்டி நிற்கக்கூடியதுதான். ஓயாமல் உதட்டை நக்கும் நாக்கும், வாயோரத் தழும்புக்கு ஆளுக்கொரு கதை சொல்லும் பொய்யும் எனக்கும் பிடித்தவை. மருத்துவமனையைத் தகர்த்துவிட்டு வெளியே வரும்போது, வெடி பாதியில் நின்றதும் கையிலிருக்கும் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாரே, அதில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அத்தகைய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கும்பல் தலைவர்களின் கூட்டத்துக்குள் நுழையும்போது அவர் வரவழைத்துக்கொள்ளும் அந்த வறண்ட பொய்ச்சிரிப்பில் மிரட்டல் இருக்கிறது, கொண்டாட்டம் இல்லை. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனுக்குத் தேவைப்பட்டவன், ஒழுங்கைக் குலைப்பதையே கொள்கையாகக் கொண்ட ஒருவன். லெட்ஜர் அவனை அச்சு அசலாகக் கொடுத்தார்.

2016இல் வந்த ஜாரெட் லெட்டோவைப் பற்றிச் சொல்ல, நெற்றியில் பச்சை குத்தியிருந்தார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

தம்பியின் கட்சியையும் கேட்போம். 2019இல் வந்த 'ஜோக்கர்' படத்தில் ஃபீனிக்ஸ் உடம்பை உருக்கி, விலா எலும்பு தெரிய வந்து நின்றார். அவருக்கும் ஆஸ்கார் கிடைத்தது. பேருந்தில் சிரிப்பை அடக்க முடியாமல் திணறியபடி, இது ஒரு நோய் என்று அச்சடித்த அட்டையை எதிர் இருக்கைப் பெண்ணிடம் நீட்டும் காட்சியில், தொண்டையை யாரோ நெரிப்பதுபோல அந்தச் சிரிப்பு வெளிவருகிறது. மகத்தான நடிப்பு, மறுப்பவன் ரசிகனே அல்ல. ஆனால் அங்கே சிரிப்பு அவனுக்குத் தண்டனை. ஜோக்கராக மாறுவதற்கு முன்னிருந்த ஆர்தர் ஃபிளெக் என்ற மனிதனுக்காக நான் இரங்கினேன். ஜோக்கருக்காக இரங்க நேர்ந்தால் அவனிடம் பயம் எங்கிருந்து வரும்?

என் வாக்கு, பேட்மேன் கார்ட்டூன் தொடரில் ஜோக்கருக்குக் குரல் கொடுத்த மார்க் ஹேமிலுக்கு. கார்ட்டூன் தொடரை இவர்களோடு ஏன் சேர்க்கிறீர்கள் என்று நீ கேட்பாய். 1992இல் தொடங்கிய அந்தத் தொடருக்கு முதலில் டிம் கரி என்ற நடிகரைத்தான் அமர்த்தியிருந்தார்கள். பிறகு அவரை மாற்றி, 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கராக நல்லவன் முத்திரை விழுந்திருந்த இவரைக் கொண்டுவந்தார்கள். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவன் என்பதால் எனக்குக் குரலின் பக்கம் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தொடரில் வரும் ஒரு கதையைக் கவனி. சார்லி என்ற சாமானியன், போக்குவரத்து நெரிசலில் எரிச்சலுற்று அடுத்த காரைத் திட்டுகிறான், ஓட்டுவது ஜோக்கர். துரத்திப் பிடித்தவன் கொல்லவில்லை, எனக்கு ஓர் உதவி கடன்பட்டிருக்கிறாய் என்று சொல்லி விட்டுவிடுகிறான். இரண்டு ஆண்டு கழித்துக் கூப்பிட்டுக் கேட்கும் உதவி, ஒரு பெரிய கேக் உள்ளே வரும்போது கதவைத் திறந்து பிடிப்பது, அவ்வளவுதான். ஹேமில் அந்தத் தொலைபேசி அழைப்பைப் பழைய நண்பனை நலம் விசாரிக்கும் குழைவோடு பேசுகிறார். ஒவ்வொரு குழைவிலும் சார்லியின் குடும்பத்தின் மேல் கத்தி தொங்குகிறது. கடைசியில் சார்லி ஒரு வெடிகுண்டைக் காட்டி மிரட்டும்போது, அதே குரல் கீச்சிட்டுப் பேட்மேனைத் துணைக்கு அழைக்கிறது. அவர் சிரிப்பும் ஒன்றல்ல. கொக்கரிப்பு, முனகல், குழந்தைக் கிளுகிளுப்பு என்று மனநிலைக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் 2022இல் மறைந்தபின், ஹேமில் இனி இந்த வேடம் வேண்டாம் என்று சொன்னார்.

லெட்ஜரின் விசாரணை அறைக் காட்சியையும் சார்லியின் கதையையும் ஒரே இரவில், திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுவிட்டு எனக்கு எழுது. தம்பியிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். அவன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அன்புடன்,
அப்பா