ஐந்து பேர் ஏறினால் 34 பேர் இறங்க வேண்டியதில்லை

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

கணிதத் தேர்வன்று மலைப்பாதையின் பத்தாவது வளைவில் மரம் சாய்ந்த விவரம் அன்றைக்கே தங்கள் மேசைக்கு வந்துவிட்டது. யாரிடம் விளக்கம் கேட்கப்பட்டது, யார் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதும் தாங்கள் அறிந்ததே. அதை மறுபடி எழுதப் போவதில்லை. மலையில் மரம் சாய்வது ஒரு செய்தியே அல்ல. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேர் தேர்வு நேரத்தில் அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் பேருந்தில் ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. எங்கள் உயர்நிலைப் பள்ளியையே தேர்வு மையமாக்கித் தாருங்கள் என்று இப்போது மூன்றாவது முறையாக எழுதுகிறோம்.

தேர்வு நாளின் கணக்கு இது. 10 மணிக்கு வினாத்தாள் கையில் வரும். வாசிக்கப் பத்து நிமிடம், விடைத்தாளின் மேல் தைத்திருக்கும் தேர்வர் விவரம் கொண்ட முகப்புத் தாளைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15-க்கு எழுதத் தொடங்க வேண்டும். கீழே இருக்கும் மையம் 26 கிலோமீட்டர். நேரத்துக்குப் போய்ச் சேர 6.30 வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லை. கடைசிக் குக்கிராமத்திலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்கு நான்கு கிலோமீட்டர் நடை. அப்படியானால் ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மார்ச் மாதத்தில் அது இருட்டு. கரடியும் காட்டெருமையும் ஒதுங்காத நேரம். பிள்ளையோடு அப்பாவோ அம்மாவோ டார்ச் பிடித்து வந்தாக வேண்டும். அவர்களுக்கு அன்றைய கூலி போனது போனதுதான்.

இதெல்லாம் பழகிப்போன கஷ்டம். பழகாதது வளைவு. மலையிலேயே பிறந்த பிள்ளைக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளும் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் நடக்கிறவர்கள், வண்டியில் போகிறவர்கள் அல்லர். வருடத்தில் நான்கைந்து முறை பேருந்து ஏறினால் அதிகம். மூன்றாவது வளைவிலேயே பாதிப் பேருக்குக் குமட்டும். வாந்திக்குப் பயந்து காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள். வெறும் வயிற்றில்தான் புரட்டல் அதிகம் என்று ஆசிரியர்கள் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், கேட்பதில்லை. வாந்தி மாத்திரை போட்டால் வாந்தி நிற்கும், தூக்கம் வந்துவிடும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவதுதான் இன்றுவரை எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

இந்தப் பிள்ளை போய் உட்கார்ந்து எழுதுவது கணிதம். தாங்களும் ஒரு காலத்தில் வகுப்பெடுத்தவர் என்ற உரிமையில் சொல்கிறோம். கணித வினாத்தாளின் கடைசிப் பகுதியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என 16 மதிப்பெண். துறை 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைத்திருக்கும் பிள்ளைகளைக் கரையேற்றுவது அந்த 16-தான். அதோடு ஒரு மதிப்பெண் வினாவில் பத்தும், ஐந்து மதிப்பெண் வினாவில் இரண்டும் சரியாகப் போட்டால் 36. தேர்ச்சிக்கு 35 போதும். அதனால்தான் அரையாண்டு முடிந்ததிலிருந்து தினமும் மாலையில் தொடுகோடும் பரவளையமும் போட வைக்கிறார்கள்.

தொடுகோடு மனப்பாடத்தில் வருவதில்லை, கையில் வருவது. 3 செ.மீ. ஆரத்தில் வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, இரண்டையும் இணைத்து மையக்குத்துக்கோடு, அது வெட்டும் இடத்தில் காம்பஸை ஊன்றி இன்னொரு வட்டம். எல்லாம் சரியாக இருந்தால் தொடுகோடு 7.4 செ.மீ. வரும். காம்பஸ் முனை இரண்டு மில்லிமீட்டர் நழுவினாலும் கோடு வட்டத்தைத் தொடாது, இல்லையென்றால் வெட்டிக்கொண்டு போகும். வரைபடத்திலும் அதே கதை. புள்ளிகளை ஒழுங்காகக் குறித்த பிள்ளை, அவற்றை இணைக்கும்போது கை நடுங்கி வளைவுக்குப் பதில் முக்கு முக்காக இழுத்துவிடுகிறது. பள்ளியில் நூறு முறை சரியாகப் போட்ட கை அது.

மையம் தர முடியாததற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, எண்ணிக்கை குறைவு. அறைக்கு 20 பேர் என்றால் 34 பேருக்கு இரண்டு அறை போதும், பள்ளியில் நல்ல அறைகள் நான்கு இருக்கின்றன. இரண்டு, வினாத்தாள் பாதுகாப்பு. வினாத்தாள்களைப் பூட்டி வைக்கும் கட்டுக்காப்பு மையத்திலிருந்து காலையில், அவற்றைத் தேர்வு மையங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வழித்தட அலுவலர்களின் வண்டிகள் எப்படியும் கிளம்பத்தான் போகின்றன. அதில் ஒன்று மலைப்பாதையில் திரும்பினால் போதும், விடைத்தாள் கட்டும் அதே வண்டியில் மாலை கீழே போய்விடும். பாதை அடைபடும் என்று பயந்தால், மலை மேலேயே காவல் நிலையம் இருக்கிறது. இரட்டைப் பூட்டுப் போட்டு அங்கேயே ஒரு கட்டுக்காப்பு மையம் வைக்கலாம். மூன்று, கண்காணிக்க வெளிப் பள்ளி ஆசிரியர்கள் மலையேற வேண்டும். இதுதான் உண்மையான காரணம் என்று எங்களுக்குப் படுகிறது. முதன்மைக் கண்காணிப்பாளர், துறை அலுவலர், அறைக்கு ஒருவராக இருவர், மாற்றுக்கு ஒருவர். மொத்தம் ஐந்து பேர். ஐந்து தேர்வு நாள். ஐந்து பெரியவர்கள் ஏறுவது சிரமம் என்பதற்காக 34 பிள்ளைகள் இறங்குகிறார்கள்.

நாமக்கல் மாவட்டத்தில் சாலை இல்லாமலிருந்த போதமலைக்குப் பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரம் தலைச்சுமையாக ஏறியிருக்கிறது. வாக்கு மலையேறலாம், வினாத்தாள் ஏறக்கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை, அதுதான் குறை போலிருக்கிறது.

சொல்லப்போனால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லாத் திட்டத்துக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மலைப்பகுதிக்கான கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் எட்டாம் வகுப்போடு சரி. குளிர் என்னவோ ஒன்பதாவதிலும் அடிக்கிறது. பதினொன்றாம் வகுப்பு போனால் சைக்கிள் தருகிறார்கள், அதை இந்த ஏற்றத்தில் தோளில்தான் தூக்கிவர வேண்டும். கணித ஆசிரியர் பணியிடம் கலந்தாய்வுக்குக் கலந்தாய்வு காலியாகக் காட்டப்படுவதும், நிரம்பியவுடன் மாற்றுப்பணியில் மறுபடி காலியாவதும்... சரி, இதையெல்லாம் கொட்ட இந்த மடல் இல்லை. மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான், தேர்வு மையம்.

இந்த ஆண்டுத் தேர்வர் பெயர்ப்பட்டியல் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏறும் முன்பே முடிவு வந்தால்தான் பலன் உண்டு. அதற்குப் பிறகு "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும், அது இரண்டு முறை வந்துவிட்டது. காட்டுப் பக்கம் 40 அடிக்குச் சுற்றுச்சுவர் இல்லை என்று முன்பு குறிப்பெழுதியிருந்தார்கள். அதை ஊரார் சேர்ந்து கல் அடுக்கி அடைத்துத் தருகிறோம். முகப்புத் தாள் தைக்கத் தையல் இயந்திரமும் மலையிலேயே கிடைக்கும். வந்து தங்கும் ஐந்து பேருக்கும் அறையும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

தயவுகூர்ந்து தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பள்ளியைப் பார்வையிட வேண்டுகிறோம். ஜீப் வேண்டாம் ஐயா, பேருந்தில் வாருங்கள். கீழிருந்து முதல் வண்டி காலை ஆறு மணிக்கு. நடத்துநரிடம் சொல்லி முன் இருக்கை போட்டு வைக்கிறோம். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். இறங்கியதும் தலைமையாசிரியர் அறையில் ஒரு காம்பஸும் வெள்ளைத்தாளும் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுவினரும் பத்தாம் வகுப்புப் பெற்றோரும்