பஞ்சாலைப் பெண்களும் பார்க்க வேண்டிய டச்சுத் திரைப்படம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்டின் என்னும் இல்லத்தரசியின் மௌனத்தை மையமாக வைத்து மார்லீன் கோரிஸ் 1982-இல் இயக்கிய ‘எ கொஸ்டியன் ஆஃப் சைலன்ஸ்’ (A Question of Silence) என்னும் டச்சுத் திரைப்படத்தை, கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத் திரைப்பட அமைப்புகள் தமிழ் வசன வரிகளுடன் திரையிட வேண்டுகிறேன்.

கிறிஸ்டின் உட்பட, முன்பின் அறிமுகமில்லாத மூன்று பெண்கள் ஒரு துணிக்கடைக்காரரைக் கொன்றுவிடுகிறார்கள். அவர்களுக்குச் சித்தம் கலங்கிவிட்டதா என்று ஆராய வரும் பெண் மனநல மருத்துவர், மூவரும் தெளிந்த மனத்தோடுதான் இருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் உறுதியாகச் சொல்கிறார். கொலையை யாரும் ஏற்க முடியாது. ஆனால் அதற்கு முந்தைய அன்றாட அவமதிப்புகளை இப்படம் காட்டும் விதம் நெஞ்சை அறுக்கிறது. அம்மூவரில் செயலாளராகப் பணிபுரியும் பெண் அலுவலகக் கூட்டத்தில் சொன்ன யோசனையை எவரும் காதில் வாங்குவதில்லை; அதையே சற்று நேரத்தில் ஓர் ஆண் சொன்னதும் பாராட்டுக் கிடைக்கிறது.

நம் கொங்கு மண்டலத்தின் பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் இது நடக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சுமங்கலித் திட்டத்தில் சேர்ந்து, வெளியே போகவும் அனுமதி கேட்டு நின்ற இளம்பெண்களின் வாய்மூடிய ஆண்டுகளை நாம் அறிவோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாலியல் தொல்லை குறித்த உள்ளகக் குழு கட்டாயம் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும், அதில் புகார் தரத் துணியாத பெண்கள் ஏராளம்.

ஆகவே, ஆலை விடுதிகளிலேயே, விடுமுறை நாளில், மேற்பார்வையாளர்கள் உடன் இல்லாமல் இப்படத்தைத் திரையிட்டு, அதன்பின் அப்பெண்களைப் பேசவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அவிநாசி.