பத்தாயம் நிறைய நெல், அடுப்படியில் பட்டினி

அன்புள்ள பாப்பாவுக்கு,

திசுவியல் வகுப்பில் எலும்பு நடத்தும்போது தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் வந்தது. நுண்ணோக்கியில் எலும்புச் சீவலை வைத்தால், அறுத்த மரம்போல வளையம் வளையமாகத் தெரியும்; நடுவில் ஒரு துளை. துளையின் பெயர் ஹேவர்ஸ் குழாய், விவரித்தவர் கிளாப்டன் ஹேவர்ஸ், ஆண்டு 1691 என்று உருப்போட்டுத் தேர்வு எழுதினேன். அந்தத் துளையில் இரத்தம் ஓடியது, வளையங்களுக்கு இடையே செல்கள் குடியிருந்தன என்பதெல்லாம் காய்ந்த சீவலைப் பார்த்தால் உறைக்காது.

எனக்கு உறைத்தது ஒரு மாட்டுத் தொழுவத்தில். கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கலப்பின ஜெர்சி, மூன்றாம் ஈற்று, கன்று போட்ட மறுநாள். தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தது, காது சில்லிட்டிருந்தது. பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பில் சூடே இருக்காது; இரத்தத்தில் கால்சியம் குறைவதால் வருவது. ஒரு மாட்டின் இரத்த நீரில் எந்த நேரமும் சுமார் 3 கிராம் கால்சியம்தான் சுற்றுகிறது. பத்து லிட்டர் சீம்பால் கறந்தால் 20 கிராமுக்கு மேல் போய்விடும். அதே மாட்டின் எலும்புகளிலோ கிலோக் கணக்கில் கிடக்கிறது!

அந்தப் பத்தாயத்தைத் திறக்க நாளாகும் என்பதுதான் சிக்கல். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி கட்டளையிட வேண்டும். எலும்பு தின்னும் செல்கள் பெருகி, அமிலம் சுரந்து, தாதுவைக் கரைக்க வேண்டும். பால் வற்றிய சினைக் கடைசியில் அவற்றுக்கு அவ்வளவாக வேலை இல்லை. அப்போது கால்சியத்தை அள்ளி வைத்தால் சுரப்பி இன்னும் சோம்பிவிடும். மாட்டுக்காரர் பாசத்தில் அதைத்தான் செய்திருந்தார்.

நான் செய்ததும் பெருமைப்படும்படி இல்லை. பதற்றத்தில் கால்சியம் மருந்தைச் சிரையில் வேகமாக ஏற்றிவிட்டேன். இதயத் துடிப்பு தடுமாறியது. கம்பவுண்டர்தான் குழாயை மடக்கிப் பிடித்தார். பிறகு சொட்டுச் சொட்டாக விட்டோம். கொஞ்ச நேரத்தில் ஏப்பம் விட்டது, சாணி போட்டது, தள்ளாடி எழுந்தது. அந்தச் சாணி நாற்றம் இன்னும் எனக்கு நல்ல வாசனைதான்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு கோழியை விடலாமா? முட்டையிடும் கோழியின் தொடையெலும்பை நீளவாக்கில் பிளந்து பார். மஜ்ஜைக் குழிக்குள் முள்முள்ளாக இன்னோர் எலும்பு வளர்ந்திருக்கும். சேவலுக்கு அது கிடையாது. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில், தீனி எடுக்காத நேரத்தில் உருவாகிறது. அந்தக் குறையை இந்த முள்ளெலும்பைக் கரைத்துத்தான் கோழி ஈடுகட்டுகிறது. கிழட்டு முட்டைக் கோழியைக் கூண்டிலிருந்து இழுக்கும்போது கால் ஏன் ஒடிகிறது என்று இனி உனக்கே புரியும்.

போன வாரம் ஒரு கோழிக்கால் எலும்பை வினிகரில் போட்டு ஜன்னலில் வைத்தேன். தாது கரைந்து கொலாஜன் என்ற புரதம் மட்டும் மிஞ்சி, ரப்பர்போல வளைகிறது. அம்மா தூக்கி எறியச் சொல்கிறாள். பொங்கலுக்கு நீ வரும்வரை பாட்டிலை ஒளித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா