ஃபூர் அலீனா

அன்புள்ள கண்ணம்மா,

பழைய டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்கிவிட்டதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். வேலை முடிந்து வந்து என்ன வாசிக்கலாம் என்று கேட்டாயே, இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் 'ஃபூர் அலீனா'வை ('அலீனாவுக்காக' என்று அர்த்தம்) எடு. இரண்டே பக்கம்தான். விரல் வித்தை ஒன்றும் தேவையில்லை. ஆனால் அவசரமாக வாசித்தால் அதில் ஒன்றுமே மிஞ்சாது.

பார்ட் எஸ்டோனியாக்காரர். 1968இல் அவருடைய 'கிரெடோ' என்ற இசைப் படைப்பு சோவியத் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானது. அப்புறம் சில வருடங்கள் மிகக் குறைவாகவே எழுதினார். பழைய தேவாலயப் பாடல்களைப் படித்துக்கொண்டிருந்தார். 1976இல் இந்த 'ஃபூர் அலீனா' வந்தது. அவருடைய புதுப் பாணியே இதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் மிகக் கீழே பி சுரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து ஒலிக்கும். ஒலியை நீட்டிக்கும் கால் பெடலை விட்டுவிடாதே. நம் தம்புரா மாதிரி அது அடியில் நிற்கும். ஆனால் தம்புராவை மீட்டிக்கொண்டே இருப்போம், இதுவோ மெல்லக் கரைந்துகொண்டே போகும். அதற்கு மேலே, உயர்ந்த ஸ்தாயியில், இரண்டு கைகளும் சேர்ந்தே நடக்கின்றன. வலது கை பி மைனர் என்ற சுரவரிசையில் பாடுகிறது. இடது கை பி மைனர் கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின், மூன்று சுரங்களை விட்டு வெளியே வருவதில்லை. ஒவ்வொரு பாரிலும், அதாவது கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு பகுதியிலும், ஒரு சுரம் கூடிக்கொண்டே போய், பிறகு அதேபோலக் குறையும். தாளக்குறி கிடையாது. கறுப்புப் புள்ளி குட்டை, வெள்ளைப் புள்ளி நெட்டை, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் நிற்பது என்பதை உன் காதுதான் சொல்ல வேண்டும். அலெக்சாண்டர் மால்டர் வாசித்து 1999இல் வெளியான இசைத்தட்டில் இந்த இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வந்து பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. கேட்டுப் பார்.

அலீனா யார் தெரியுமா? பார்ட்டின் குடும்ப நண்பர் ஒருவரின் மகள். 18 வயதில் அப்பாவோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். மகளின் பெயரைப் போட்டிருந்தாலும், அவளைப் பிரிந்து நின்ற அவளுடைய அம்மாவின் ஆறுதலுக்காகவே பார்ட் இதை எழுதினார். இது தெரிந்த நாளிலிருந்து அந்த இரண்டு கைகளையும் வேறு மாதிரி கேட்க எனக்கு முடியவில்லை. வலது கை எங்கெங்கோ போகிறது. இடது கை வீட்டிலேயே இருந்துகொண்டு ஒவ்வொரு அடியிலும் அதற்கு ஒரு பதில் சொல்கிறது. பதினோராவது பாரின் முடிவில் மட்டும் அந்த இடது கையும் அந்த மூன்று சுரங்களை விட்டு வெளியே வந்து சி ஷார்ப் என்ற சுரத்தைத் தொடுகிறது. அந்த இடத்தில் பார்ட் ஒரு பூவை வரைந்திருக்கிறார். எனக்கு இந்தப் பாட்டு முழுவதும் அந்த ஒரு சுரத்தில்தான் இருக்கிறது. அங்கே அழுத்தம் கொடுக்காதே, மற்ற சுரங்களைப் போலவே தொடு.

இன்னொன்று. இடது கையைப் பக்கவாத்தியமாக நினைத்து அடக்கி வாசிக்கிறவர்கள் நிறைய. நீ அப்படிச் செய்யாதே; இரண்டு கைகளும் ஒரே அளவு கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் வாசித்துக் காட்டு. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வை, அப்போதுதான் அந்தக் கீழ் பி எனக்கும் கேட்கும்.

அன்புடன்,
அம்மா